எங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?

எங்கள் வீட்டு மாடிக்குக் கருவாடு வருமா, மனிதர்கள் வருவார்களா என்று முடிவாக வேண்டிய வாரம் அது. கருவாடு என் மைத்துனருடையது. மனிதர்கள் என் மனைவி கூப்பிட்டவர்கள். மாடி யாருடையது என்று கேட்டால், பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது. அதற்குமேல் அந்த விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை.

மகளுக்குக் கல்யாணமாகி அவள் பெங்களூரில் குடியேறிய பிறகு மாடி சும்மா கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற என் மனைவிக்கு ஊர் ஊராகப் போய்ப் பார்க்க ஆசை. என்னைக் கட்டிக்கொண்டதால் அது நடக்கவில்லை. பேருந்தில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். சரி, நாம்தான் ஊர்களுக்குப் போக முடியவில்லை, ஊர்களாவது நம் வீட்டுக்கு வரட்டும் என்று அவள் முடிவு செய்தாள். சுற்றுலா வருகிறவர்கள் ஓட்டலில் தங்காமல் வீடுகளில் தங்குவது இப்போது நடப்பில் இருக்கிறதே, அந்த ஏற்பாடு. மாடிக்கு வெள்ளையடித்தாள். திரை தைத்தாள். ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தாள். மகள் வந்து கைபேசியில் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டுப் போனாள். என் பங்குக்கு நான் ஒரு கப்பல் படத்தைச் சுவரில் மாட்டினேன். அது கொஞ்சம் சாய்ந்திருந்தது. கப்பல் என்றால் சாயத்தான் செய்யும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஸ்டூல் போட்டு ஏறி அதை நேராக்கினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய அண்ணன் வந்தார். கருவாட்டு மொத்த வியாபாரம் அவருக்கு. அவர் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் கூரை ஒழுக ஆரம்பித்திருந்தது. ஐப்பசி மழை வாசலில் நிற்கிறது. மாடி முழுவதையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். புதிய கொசுவலையைக் கையால் தட்டிப் பார்த்து, "ஈ வராது" என்று மெச்சினார்.

"ஏளா, மாடி சும்மாதான கெடக்கு? மூட்டைய இங்கன எறக்கிக்கிடட்டா? மழ முடியுத வரைக்கும்தான்."

கருவாடு ஓரிடத்துக்கு 'வரைக்கும்தான்' என்று வருவதில்லை. மூட்டை போனாலும் வாசனை குடியிருக்கும். ஆனால் என் மனைவிக்கு அண்ணனிடம் 'இல்லை' என்ற சொல் வராது. அவளைப் படிக்க வைத்தவர் அவர். அவள் படித்த பூகோளம் முழுக்க அவர் விற்ற நெத்திலிதான். "திங்கக்கெழமைக்குப் பொறவு சொல்லுதேன் அண்ணே" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"எனக்கு ஒரு காரணம் வேணுங்க. சும்மா மாட்டேன்னு சொன்னா அண்ணன் மூஞ்சியில முழிக்க முடியாது. பல்லடம் பக்கத்துல இருந்து ரெண்டு பேரு வாராவ. வெள்ளிக்கெழம வந்து திங்கக்கெழம வரைக்கும் இருப்பாவ. அவிய முழுசாத் தங்கி, நல்லா இருந்திச்சுன்னு சொல்லிட்டுப் போனாவன்னா, அதக் காட்டி அண்ணன்ட்ட சொல்லிருவேன். ஊரச் சுத்திக் காட்டுத வேல ஒங்களோடது."

"எனக்கா? எனக்கு ஊரத் தெரியும்ளா" என்றேன் தெம்பாக.

"அதான் பயமா இருக்கு" என்றாள்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் என்னைக் கடலோடி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. உண்மையில் நான் ஒரு கிளியரிங் ஆபீசில் இருந்தேன். கப்பலில் வரும் சரக்கைக் காகிதத்தில் இறக்கி, காகிதத்தில் ஏற்றி, காகிதத்தில் வெளியே அனுப்புவது என் வேலை. ஆப்பிரிக்காவிலிருந்து எத்தனையோ கப்பல் முந்திரிக்கொட்டையை இப்படி இறக்கியிருக்கிறேன், ஒரு கொட்டையைக்கூடக் கையால் தொடாமல்.

ஆனாலும் என் கவலை என் அறிவைப் பற்றியது அல்ல. ஊரைப் பற்றியது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர் யாராவது வந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், எங்கள் ஆட்கள் பக்கத்து ஊர்களுக்கு வழி சொல்லுவார்கள். அதுதான் எங்கள் உபசாரம். பேருந்து எங்கே நிற்கும், எதில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், எங்கே இறங்கி எந்தக் கடையில் சாப்பிட வேண்டும் என்பதுவரை அக்கறையாகச் சொல்லி, கை பிடித்து ஊரைவிட்டு வெளியேற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். சொந்த ஊரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதைத் தற்பெருமை என்று நினைக்கிற ஜனங்கள். அந்தக் கூச்சம் இல்லாத ஒரே ஆள் நான்தான். எனவே இந்த வேலைக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் சொந்தக் காரில் வந்து இறங்கினார்கள். ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு பண்ணையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த அம்மா காரிலிருந்து இறங்கியதும் மூச்சை நன்றாக இழுத்து, "காத்து எப்படிங்க இவ்வளவு சுத்தமா இருக்குது?" என்றார். மைத்துனருடைய மூட்டைகளை நினைத்துக்கொண்டு நான் பேச்சை மாற்றினேன்.

சுற்றுலாவை ஓர் அருங்காட்சியகத்தில் ஆரம்பித்தால் கௌரவமாக இருக்கும் என்று தீர்மானித்திருந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னேன். முன் சீட்டில் எனக்குத் தலை சுற்றாது. வாசலில் பூட்டுத் தொங்கியது.

"வெள்ளிக்கெழம லீவுல்லா அண்ணாச்சி" என்றார் பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதுதான் நினைவில்லாமல் போயிற்று. ஓய்வுபெற்றவனுக்குக் கிழமைகள் எல்லாம் ஒரே நிறம். அந்தக் கோழிப்பண்ணைக்காரர் மிகவும் நல்ல மனிதர். "பரவாயில்லீங்க, வெளியில இருந்து பாத்தாலே நல்லாத்தானுங்க இருக்குது" என்று பூட்டிய கதவின் முன்னால் மனைவியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

அங்கிருந்து பனிமய மாதா கோயிலுக்குப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. "ஏனுங்க, இந்த ஊருல பனி பெய்யுமுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். "மாதா மட்டும்தாங்க பனி. மத்ததெல்லாம் வெயில்" என்றேன். மாதாவின் சுரூபம், அதாவது சிலை, மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள் என்று ஆரம்பித்து, பழக்க தோஷத்தில் அந்தக் காலத்தில் அதற்கு என்னென்ன காகிதம் தேவைப்பட்டிருக்கும் என்று விளக்கிக்கொண்டே போனேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. இருவரும் கண்ணை மூடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல தொடக்கம் என்று நினைத்து வெளியே வந்தால், வாசலில் மெழுகுவத்தி விற்கிற அம்மா அவர்களைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கன என்ன இருக்கு? மணப்பாட்டுக்குப் போங்க. மண்மேட்டுல கோயிலு, மூணு பக்கமும் கடலு. பாத்தா கண்ணுலயே நிக்கும்."

"ஏங்க, இதுவும் கடல்தானே?" என்றேன் நான்.

"இது நம்ம கடலுல்லா" என்றார் அவர். அதைக் கடலில் சேர்த்தியாகவே அவர் எண்ணவில்லை.

எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கப் போனால் கடைக்கார அண்ணாச்சி பொட்டலம் கட்டிக்கொண்டே, "திருச்செந்தூர் போயாச்சா? இன்னும் போகலியா?" என்று என்னைப் பார்த்தார். பார்வையில், விருந்தாளிகளை இந்த மனிதன் அடைத்து வைத்திருக்கிறானோ என்ற சந்தேகம் தெரிந்தது. முத்துக் கடையில் அந்த அம்மா, "இது இங்க எடுத்த முத்துங்களா?" என்று கேட்டார். கடைக்காரர் பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வியாபாரம், எனக்கு மானம், இரண்டும் தப்பித்திருக்கும். "இல்லம்மா, ஐதராபாத்ல இருந்து வருது" என்றார். எங்கள் ஊர்க்காரர்களின் நேர்மை ஒரு நாளைக்கு என் உயிரை வாங்கிவிடும்.

சாயங்காலம் முயல் தீவு. கடல் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

"அலையே இல்லீங்களே?" என்றார் அவர்.

"சத்தம் போடக் கூடாதுன்னு வளத்திருக்கோம்" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். சிரித்தது நகைச்சுவைக்கா, என் நிலைமையைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் திங்கட்கிழமைவரை தாங்கினால் போதும்.

மறுநாள் ஓட்டப்பிடாரம். சுதேசிக் கப்பல் விட்டவர் பிறந்த வீடு அங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. பண்ணைக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியிருந்ததை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். நான் குறுக்கே புகுந்து விளக்கம் சொல்லப் போனபோது, "இருங்க, வாசிச்சர்றேன்" என்று மரியாதையாகக் கையை உயர்த்தினார். வெளியே வரும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரம்தான் அதுவரை நடந்த சுற்றுலாவில் சிறந்த பகுதி என்பதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை. திரும்பும் வழியில் உப்பளங்களைக் காட்டினேன். குவித்து வைத்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அந்த அம்மா ஒரு கல்லெடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புத்தானுங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஊரில் சொன்னபடி இருக்கிற ஒரு பொருள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். என் மனைவி காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். மைத்துனர் எழுந்து விருந்தாளிகளைக் கும்பிட்டு, அவர்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, பண்ணையைப் பற்றி விசாரித்தார். தங்கமான மனிதர். அதுதான் தொந்தரவே.

"நாளைக்கு எங்க போறிய?" என்றார்.

"இங்கதானுங்க, ஊருக்குள்ள பாக்கலாம்னு…"

"இன்னும் ஊருக்குள்ளயா?" மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, இவ்வள தூரம் வந்தவிய. பாவம். ரெண்டு நாளா என்னத்தக் காட்டிக்கிட்டு இருக்கிய?" பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில கெளம்புங்க. மணப்பாடு பாத்துட்டு, அப்படியே கடலோரமாப் பெரியதாழை வழியாப் போனியன்னா கன்னியாகுமரி. ராத்திரி அங்க தங்கிட்டுத் திங்கக்கெழம அப்படியே ஊருக்குப் போயிரலாம். மணப்பாட்டுல நமக்குத் தெரிஞ்ச வீடு இருக்கு. மத்தியானம் மீன் சாப்பாடு சொல்லிருதேன்."

"அப்படீங்களா?" பண்ணைக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, "போலாமுங்க" என்றார், யாருக்கும் மனம் நோகாத குரலில்.

நடையில் காப்பித் தட்டோடு என் மனைவி நின்றாள். மைத்துனர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, அன்பாகச் சொன்னார்.

"அப்பம் நாளைக்கே மாடி காலியாயிரும். நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கெழமதான் டெம்போக்காரனும் சும்மா இருப்பான். திங்கக்கெழம வரைக்கும் எதுக்குக் காத்துக்கெடக்கணும்? மானம் வேற கறுத்துக்கிட்டு வருது."

அவருக்குச் சூதுவாது தெரியாது. விருந்தாளிகளுக்கு நல்லது செய்தார். மழைக்கு முன்னால் மூட்டைக்கு ஓர் இடம் பார்த்தார். அந்த இரண்டுக்கும் நடுவில் அவருடைய தங்கச்சி நின்றது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

அவர் போன பிறகு என் மனைவி மாடிக்குப் போய் விருந்தாளிகளுக்குப் புதிய போர்வை கொடுத்துவிட்டு வந்தாள். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "திரைய வேணும்னா கழட்டி வச்சிருவோம். வாசன ஏறிட்டா போவாது" என்றாள். அந்தத் திரையை அவள் தைத்தபோது கலர் பிடிக்கவில்லை என்று இரண்டு தடவை பிரித்திருந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் என் கையில விடு" என்றேன்.

"வேண்டாங்க" என்றாள். உடனே, "சரி, செய்ங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் முதல் ஆராதனையை முடித்துவிட்டு வந்து, விருந்தாளிகளைக் காரில் ஏற்றினேன். கிளம்புவதற்கு முன்னால் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு சுற்று, கப்பல்களைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லி அழைத்துப்போனேன். அவர்கள் பெட்டிகளைக் கட்டி மாடியில் வைத்திருந்தார்கள். வந்து எடுத்துக்கொண்டு மணப்பாட்டுக்குப் போவதாகப் பேச்சு. என் திட்டம் என்ன என்று கேட்டால், திட்டம் இல்லை. தைரியம்தான் இருந்தது.

அந்தத் தைரியமும் முச்சந்திக்கு வருவதற்குள் போயிற்று. போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வரிசையாக வண்டிகள். துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கை ஒன்று டிரெய்லரில் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வெறும் தொல்லை. இறக்கை திரும்பி முடியும்வரை யாரும் எங்கேயும் போக முடியாது. கல்யாணத்துக்குத் தாமதம், ஆஸ்பத்திரிக்குத் தாமதம், எல்லாவற்றுக்கும் "எறக்க வந்திச்சு" என்று ஒரு வார்த்தை போதும்.

"மன்னிச்சிருங்க" என்று ஆரம்பித்தேன். "இங்க இதுதான் ஒரு ரோதன. வேற வழியாவது போயிருக்கலாம். என் தப்பு. இதுல மாட்டினா…"

பக்கத்து சீட்டைப் பார்த்தால் ஆள் இல்லை. பண்ணைக்காரர் காரை அணைத்துவிட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தார்.

இறக்கை வந்தது. ஒரு தெருவையே பெயர்த்துப் படுக்கப் போட்டு இழுத்து வருவதுபோல வந்துகொண்டே இருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு முனை கோயில் தூண் பருமன், மறுமுனை மீன் வால்போல மெலிந்து. முன்னால் ஓட்டுநர். பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்ப ஒருவர் கையில் ரிமோட் பெட்டியோடு பக்கத்திலேயே நடந்து வந்தார். மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்க நீளக் கம்போடு இன்னொருவர். டீக்கடைக்காரர் யாரும் சொல்லாமலே தன் கடைத் தார்ப்பாயைச் சுருட்டினார். வாழைப்பழ வண்டி தானாகப் பின்வாங்கியது. விசில் ஊதினார்கள். முன்பக்கம் திரும்ப ஆரம்பித்ததும், பின்பக்கம் சாலையை விட்டு வெளியேறி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்கு மேலே மெதுவாக வீசி வந்தது. அவர்கள் குனிந்து, டீயைச் சிந்தாமல் குடித்தார்கள்.

நான் பண்ணைக்காரரின் பின்னாலேயே ஓடினேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் ஓடினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. டிரெய்லர் நடுவழியில் நின்று மூச்சு வாங்கியபோது, கையில் பெட்டி வைத்திருந்தவரிடம் போய், "தொடலாமுங்களா?" என்று கேட்டார். அவர் தலையசைத்தார். இவர் உள்ளங்கையை இறக்கையின்மேல் வைத்தார்.

"அம்மிணி, இங்க வா. பாரு. நம்ம பண்ணைக்குப் பின்னால சுத்துதே, அது இதுதான்."

அந்த அம்மா வந்தார். இறக்கையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விரல்மூட்டால் ரெண்டு தட்டுத் தட்டினார். பூசணிக்காய்போலச் சத்தம் வந்தது.

"ஏனுங்க மாமா, இத்தன வருசமா ராத்திரியெல்லாம் ஊய்ங் ஊய்ங்னு தூக்கத்தக் கெடுத்தது இவன்தானுங்களா?" என்று கேட்டு, இன்னொரு தட்டுக் கொடுத்தார். அது அடி மாதிரியும் இருந்தது, பிள்ளையைத் தட்டுவது மாதிரியும் இருந்தது.

"வாசல்ல உக்காந்தா நகத்தளவு தெரியுமுங்க" என்றார் அவர் என்னிடம். "தெனமும் பாக்கறேன். இது எங்கிருந்து வந்துது, எப்படி வந்துதுன்னு ஒரு நாளும் ரோசிச்சதில்ல. உங்க ஊரு வழியாத்தான் வந்திருக்குது."

அப்போதுதான் என் கைபேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, அண்ணன் வண்டியோட வாசல்ல நிக்காவ. டெம்போல மூட்ட. அவிய போறாவளா இருக்காவளா? ஒத்த வார்த்த சொல்லுங்க."

நான் பண்ணைக்காரரின் தோளைத் தொட்டு, "ஏங்க, வீட்டுல கேக்காங்க, நீங்க இன்னைக்கு…" என்றேன். அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார். முந்தின நாள் ஓட்டப்பிடாரத்தில் உயர்த்திய அதே மரியாதையான கை. இறக்கை மறுபடி நகர ஆரம்பித்திருந்தது.

"என்ன சொல்லுதாவ?" என்றாள்.

"தெரியலளா" என்றேன். வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு நான் இப்படிப் பதில் சொன்னது அபூர்வம்.

மூட்டையை இறக்கலாமா என்று யாரோ கேட்கும் குரல் பின்னால் கேட்டது.

"சரி, வைங்க" என்றாள். போனை வைக்கச் சொன்னாளா, மூட்டையை வைக்கச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை.

இறக்கை திரும்பி முடித்தது. டீக்கடைத் தார்ப்பாய் மறுபடி விரிந்தது. வாழைப்பழ வண்டி தன் இடத்துக்கு வந்தது. ஊர் ஒன்றும் நடக்காததுபோல ஹாரன் அடிக்கத் தொடங்கியது. பண்ணைக்காரர் சாலை வளைவில் அது மறையும்வரை நின்றார்.

"இன்னொன்னு வருமுங்களா?"

இந்த ஒரு விஷயத்தில் நான் உண்மையிலேயே கெட்டிக்காரன். "மூணு இல்லாமச் சுத்தாதுங்க. மிச்சம் ரெண்டும் வந்துதான் ஆகணும்" என்றேன். என் பழைய ஆபீஸ் சிநேகிதனைக் கூப்பிட்டேன். அவன் விசாரித்து, நாளைக்கு ஒன்று, நாளை மறுநாள் ஒன்று, இதே வழிதான் என்றான்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கன்னியாகுமரி எங்கயும் போயிடாதுங்களே?" என்றார் அவர்.

"போகாதுங்க" என்றேன். "அங்கதான் முடியுது, அதுக்கு மேல போக எடமில்ல."

"அப்ப செவ்வாக்கெழம வரைக்கும் மாடி கெடைக்குமுங்களா?"

உடனே மனைவியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. காரில் வரும்போது என் கற்பனையில் மூட்டைகள் ஒவ்வொன்றாக மாடிப்படி ஏறின. அவர்கள் இருவரும் இறக்கையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாசலில் டெம்போ இல்லை. இறக்கிவிட்டுப் போய்விட்டது என்று புரிந்தது. தெருவெல்லாம் அந்த வாசனை.

விருந்தாளிகள் கை கழுவப் போனார்கள். நான் அடுப்படிக்கு ஓடினேன். மனைவி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன்?"

"போயிட்டாவ."

"மாடியில…"

"மாடியில ஒண்ணும் இல்ல. மேல ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன்."

"அவிய இருக்காவளா போறாவளான்னு ஒனக்குத்தான் தெரியாதே?"

"அண்ணனும் அதத்தான் கேட்டாவ. அவியதான் இன்னைக்குப் போறாவளேன்னாவ. அவிய போனா அடுத்தாளு வருவாவ அண்ணே, மாடிய நான் அதுக்குத்தான் வச்சிருக்கேன்னு சொன்னேன்." கரண்டியை எடுத்துச் சட்டியின் ஓரத்தில் தட்டினாள். தேவைக்கு அதிகமாகவே தட்டினாள்.

"காரணம் வேணும்னு சொன்னியே?"

"அதான் காரணம். வேற எங்க போய்த் தேட?"

"அண்ணன் என்ன சொன்னாவ?"

"தண்ணி கேட்டாவ. குடிச்சாவ. பொறவு, ஏளா, ஒனக்கு இம்புட்டு ஆசன்னா மொதல்லயே சொல்லிருக்கலாம்லான்னாவ." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்புச் சூடு என்று நான் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் பெரிய செய்தியைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கிறார்கள், இறக்கை பார்க்க. கரண்டி அப்படியே நின்றது.

"எறக்கையா? அதப் பாக்கவா?"

"அதத்தான்."

"அத எதுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். மாடிக்கு வெள்ளையடித்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நானும் சிரித்துக்கொண்டே, சட்டை மாற்ற என் அறைக்குப் போனேன். கதவு பாதிதான் திறந்தது. பலமாகத் தள்ளினேன். உள்ளே என் மேசையைக் காணோம், கட்டிலைக் காணோம். மூட்டைகள்தான் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன.

"ஏளா!"

"மானம் கறுத்துக் கெடக்கு. வந்த மூட்டைய மழையிலயா அனுப்ப முடியும்?" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "மேலதான் ஆள் இருக்கு. கீழ ஒங்க ரூம்ல ஆள் எங்க இருக்கு? நீங்கதான் எந்நேரமும் ஊரச் சுத்திக் காட்டப் போயிருதியளே."

வாதாட எனக்குப் பல விஷயங்கள் இருந்தன. அதற்குள் பின்னால் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பண்ணைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றார். எனக்கு மானம் போயிற்று. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"நெத்திலிங்களா?" என்றார் ஆவலோடு. "நாங்க கோழித் தீவனத்துல கருவாட்டுத் தூளு கலப்பமுங்க. மொத்தமாப் பாத்ததில்ல. எங்க பண்ண வாசத்துக்கு இது சந்தனமுங்க. அம்மிணி, இங்க வந்து பாரு."

அந்த அம்மாவும் வந்தார். இருவரும் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அப்படி இரண்டு பேர் நின்றால் நான் சும்மா இருக்க முடியுமா? முதல் மூட்டையின் வாயைப் பிரித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இது நெத்திலி. இதோ இது சாளை. இந்தக் கடல்ல மட்டும்தான்…"

"அது சாளை இல்ல, காரப்பொடி மீனு" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தே.

"…கிடைக்கிற காரப்பொடி" என்று முடித்துவிட்டு, நான் அடுத்த மூட்டைக்குப் போனேன்.